தேர்ச்சி விகிதத்தோடு மாணவர் பின்னணியையும் வெளியிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில் பத்தாம் வகுப்பு, பிளஸ் 2 பொதுத்தேர்வு முடிவுகள் வெளியாகும்போது, தங்கள் நாளிதழ் உள்ளிட்ட எல்லாத் தமிழ் நாளிதழ்களும் மாவட்டவாரியான தேர்ச்சி விகிதப் பட்டியலையும், அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, தனியார் சுயநிதிப் பள்ளி என்று பிரித்துக் காட்டும் பட்டியலையும் மிகுந்த முக்கியத்துவத்துடன் வெளியிடுகின்றன. அரசு மேல்நிலைப் பள்ளியில் நெடுங்காலம் முதுகலை ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் அந்தப் பட்டியல்களைக் குறித்து ஒரு கோரிக்கையை முன்வைக்கவே இக்கடிதத்தை எழுதுகிறேன். எந்தப் பள்ளியில் எத்தனை சதவீதம் பேர் தேர்ச்சி பெற்றார்கள் என்பதை அறியும் உரிமை மக்களுக்கு உண்டு. ஆனால், அந்தப் பள்ளியில் படிப்பவர்கள் யார், எந்த நிலையில் வந்து சேர்ந்தவர்கள் என்பதைச் சொல்லாமல் விகிதத்தை மட்டும் அச்சிடும்போது, மக்கள் அறிய வேண்டியதில் பாதி மறைந்துபோகிறது. சொல்லப்படும் பாதியே முழு உண்மையாக எடுத்துக்கொள்ளப்படுகிறது.

2025ஆம் ஆண்டு முடிவுகளையே எடுத்துக்கொள்வோம். பிளஸ் 2 தேர்வை எழுதிய 7,92,494 பேரில் 7,53,142 பேர் தேர்ச்சி பெற்றனர். மாநிலத் தேர்ச்சி விகிதம் 95.03. அரசுப் பள்ளிகளின் விகிதம் 91.94, தனியார் சுயநிதிப் பள்ளிகளின் விகிதம் 98.88. பத்தாம் வகுப்பிலும் இதே படிநிலைதான்: மாநிலம் முழுவதற்கும் 93.80, அரசுப் பள்ளிகளுக்கு 91.26, தனியார் பள்ளிகளுக்கு 97.99. ஏறத்தாழ ஏழு புள்ளிகள் கொண்ட இந்த இடைவெளி வெளியான மறுநாளே, அரசுப் பள்ளி ஆசிரியர்களின் சம்பளத்தையும் தனியார் பள்ளி ஆசிரியர்களின் சம்பளத்தையும் ஒப்பிட்டு வாசகர் கடிதங்கள் வரத் தொடங்குகின்றன. அடுத்த வாரம் முதன்மைக் கல்வி அலுவலர் நடத்தும் மீளாய்வுக் கூட்டத்தில் தலைமையாசிரியர்கள் வரிசையாக எழுந்து நின்று விளக்கம் சொல்கிறார்கள். ஜூன் மாதச் சேர்க்கையில், கடன் வாங்கியாவது பிள்ளையை மெட்ரிக் பள்ளியில் சேர்த்துவிட வேண்டும் என்ற முடிவை எத்தனையோ குடும்பங்கள் அந்த ஏழு புள்ளிகளை வைத்தே எடுக்கின்றன.

அந்த ஏழு புள்ளிகளும் கற்பித்தலின் வேறுபாடா, கற்க வந்தவர்களின் வேறுபாடா என்று யாரும் கேட்பதில்லை. பதினோராம் வகுப்புச் சேர்க்கை நடக்கும் நாள்களில் அரசு மேல்நிலைப் பள்ளியின் அலுவலக அறையில் ஒரு மணி நேரம் அமர்ந்திருப்பவருக்கு இந்தக் கேள்வி தானாகவே எழும். பெயர் பெற்ற தனியார் பள்ளிகள் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைப் பார்த்துத்தான் பதினோராம் வகுப்பில் இடம் தருகின்றன. குறிப்பாக அறிவியல் பிரிவுக்கு எழுதப்படாத ஒரு வரம்பு இருப்பதைப் பெற்றோர் அனைவரும் அறிவர். அவ்வரம்பைத் தாண்டியவர்களில் கட்டணம் செலுத்த முடிந்தவர்கள் அங்கே போய்விடுகிறார்கள். தங்கள் பள்ளியிலேயே பத்தாம் வகுப்பு வரை படித்த பிள்ளையின் கையில்கூட, மதிப்பெண் குறைவு என்பதற்காக மாற்றுச் சான்றிதழைக் கொடுத்து அனுப்பும் பள்ளிகள் உண்டு. அந்தப் பிள்ளை 500க்கு 210 மதிப்பெண்ணோடு தாயை அழைத்துக்கொண்டு அரசுப் பள்ளிக்கு வந்து நிற்கும். அரசுப் பள்ளியின் தலைமையாசிரியர் அந்தப் பிள்ளையைத் திருப்பி அனுப்ப முடியாது, அனுப்பவும் கூடாது. இரண்டு ஆண்டுகள் கழித்து, அனுப்பிய பள்ளி நூறு சதவீதத் தேர்ச்சி என்று நாளிதழில் விளம்பரம் செய்கிறது. ஏற்றுக்கொண்ட பள்ளி, அந்த ஒரு பிள்ளை இயற்பியலில் தவறியதற்காக அறிக்கை எழுதுகிறது.

இதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். இரண்டு பள்ளிகளில் தலா நூறு பேர் பிளஸ் 2 எழுதுவதாக வைத்துக்கொள்வோம். முதல் பள்ளியில், பத்தாம் வகுப்பில் 250க்கும் குறைவாக எடுத்தவர்கள் 80 பேர், 400க்கும் மேல் எடுத்தவர்கள் 20 பேர். இரண்டாவது பள்ளியில் அவர்கள் முறையே 10 பேரும் 90 பேரும். நன்றாகப் படித்து வந்தவர்கள் இரு பள்ளிகளிலும் அனைவரும் தேறிவிடுகிறார்கள். பின்தங்கி வந்தவர்களில் முதல் பள்ளி 80 பேரில் 70 பேரைத் தேற்றுகிறது. இரண்டாவது பள்ளி 10 பேரில் 8 பேரைத் தேற்றுகிறது. பின்தங்கிய பிள்ளைகளைப் பொறுத்தவரை முதல் பள்ளியின் சாதனை 87.5 சதவீதம், இரண்டாவதன் சாதனை 80 சதவீதம். அதாவது, முதல் பள்ளியே திறம்படக் கற்பித்திருக்கிறது. ஆனால், பட்டியலில் முதல் பள்ளிக்கு 90 என்றும் இரண்டாவது பள்ளிக்கு 98 என்றும்தான் அச்சாகும். எண்கள் எடுத்துக்காட்டுக்காக நான் எழுதியவைதான். ஆனால், இதையொத்த நிலையை ஒவ்வோர் ஆண்டும் நேரில் பார்த்தவர்கள் பணியிலிருக்கும் ஆசிரியர்களில் ஆயிரக்கணக்கானோர் இருப்பார்கள்.

தேர்ச்சி விகிதத்தின் வகுக்கும் எண்ணும் ஆராயப்பட வேண்டியது. விகிதம் கணக்கிடப்படுவது தேர்வெழுதியவர்களை வைத்துத்தான். தேர்வுக்கூடம் வரை வராமலே போனவர்கள் எந்தப் பள்ளியின் கணக்கிலும் தோல்வியாகச் சேர்வதில்லை. 2023 மார்ச்சில் பிளஸ் 2 தமிழ்த் தேர்வுக்கு ஏறத்தாழ 50,000 பேர் வரவில்லை என்ற செய்தி மாநிலத்தையே உலுக்கியது நினைவிருக்கும். கொரோனா காரணமாக 2021இல் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதாமலேயே தேர்ச்சி அறிவிக்கப்பட்ட அணியினர் அவர்கள். வருகைப் பதிவேட்டில் பெயர் இருந்தது. பிள்ளைகள் நெடுநாளாகவே பள்ளியில் இல்லை. அந்த ஆண்டின் பிளஸ் 2 தேர்ச்சி விகிதம் 94.03 என்று அறிவிக்கப்பட்டபோது, வராத அந்தப் பிள்ளைகளைப் பற்றி முடிவுகள் பட்டியலில் ஒரு வரியும் இல்லை. நூறு சதவீதத் தேர்ச்சிக்கு ஆசைப்படும் பள்ளிகள், அரசுப் பள்ளிகளே ஆனாலும், ஒன்பதாம் வகுப்பிலேயே சிலரைத் தேக்கிவைப்பதும், பெற்றோரை அழைத்துத் தனித்தேர்வராக எழுதச் சொல்லிப் பேசுவதும், நீண்ட நாள் வராதவரின் பெயரை அவசரமாக நீக்குவதும் கல்வித்துறையில் இருக்கும் யாருக்கும் புதிய செய்தி அல்ல. ஒரு பிள்ளையைத் தக்கவைத்துத் தேர்வெழுத வைத்த பள்ளிக்கு விகிதம் குறைகிறது, வெளியேற்றிய பள்ளிக்கு விகிதம் கூடுகிறது என்றால், அந்த அளவுகோல் எதை ஊக்குவிக்கிறது என்பதை அரசு எண்ணிப்பார்க்க வேண்டும்.

மாணவர் பின்னணி என்று நான் சொல்வது சாதியையும் வருமானத்தையும் மட்டும் குறிப்பதன்று. பெற்றோரில் ஒருவராவது பத்தாம் வகுப்பைத் தாண்டியவரா, வீட்டில் படிக்க இடம் இருக்கிறதா, பிள்ளை வேலைக்குப் போகிறானா, குடும்பம் ஆண்டில் எத்தனை மாதம் ஊரில் இருக்கிறது என்பவையெல்லாம் அதில் அடங்கும். என் மாவட்டமான திருவண்ணாமலையில் ஜவ்வாது மலைப் பகுதியிலிருந்தும், சமவெளியின் மானாவாரிக் கிராமங்களிலிருந்தும் கரும்பு வெட்டுக்கும் செங்கல் சூளைக்கும் கட்டட வேலைக்கும் குடும்பத்தோடு வெளியூர் போகிறவர்கள் பலர். மூத்த பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுவிட்டுப் போவார்கள். அந்தப் பிள்ளை தம்பி தங்கைக்குச் சமைத்து வைத்துவிட்டுப் பள்ளிக்கு வரும். முகூர்த்த நாள்களுக்கு மறுநாள் பிளஸ் 2 வகுப்பில் பையன்களின் வருகை எப்படி இருக்கும் என்று அனுபவமுள்ள எந்த வகுப்பாசிரியரும் நாட்காட்டியைப் பார்த்தே சொல்லிவிடுவார். முதல்நாள் இரவு முழுவதும் மண்டபத்தில் பந்தி பரிமாறிவிட்டு, விடியற்காலையில் பாத்திரங்களை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போனவர்கள் அவர்கள். வந்தவர்களில் இருவர் கடைசி இருக்கையில் தலைசாய்த்துத் தூங்குவார்கள். அவர்களைத் தட்டி எழுப்புவதா வேண்டாமா என்று தயங்காத ஆசிரியர் குறைவு. அந்த ஒரு நாள் கூலி அவர்கள் வீட்டில் ஒரு வாரத்து மளிகைச் செலவு.

மாணவியரின் தேர்ச்சி விகிதம் தொடர்ந்து மாணவரைவிடக் கூடுதலாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து. 2025இல் பிளஸ் 2 மாணவியர் 96.70 சதவீதமும் மாணவர் 93.16 சதவீதமும் தேறினர். பத்தாம் வகுப்பில் இடைவெளி இன்னும் கூடுதல்: 95.88, 91.74. இதை ஆண்டுதோறும் ‘மாணவியரே வழக்கம்போல் அதிகம்’ என்ற ஒற்றைத் தலைப்போடு கடந்துவிடுகிறோம். எந்த வட்டத்தில், எந்தத் தொழில் சார்ந்த ஊர்களில் பையன்கள் உதிர்கிறார்கள் என்று பார்த்திருந்தால், அந்த ஊர்களில் தலையிடுவதற்கான வழியாவது தெரிந்திருக்கும்.

பின்னணி என்பது ஆசிரியர்கள் தேடும் சாக்கு என்று சொல்பவர்களுக்கு ஒன்றை நினைவூட்ட விரும்புகிறேன். பின்னணி கற்றலைப் பாதிக்கிறது என்பதைத் தமிழக அரசு சட்டமாகவே ஏற்றுக்கொண்டிருக்கிறது. நீட் தேர்வு வந்தபின் அரசுப் பள்ளி மாணவர்கள் அரசு மருத்துவக் கல்லூரிகளிலிருந்து ஏறக்குறைய மறைந்தே போன நிலையில், நீதிபதி கலையரசன் ஆணையத்தின் பரிந்துரையை ஏற்று 2020இல் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. முதல் ஆண்டிலேயே சுமார் 400 பிள்ளைகள் மருத்துவ, பல் மருத்துவ இடங்களைப் பெற்றனர். நீதிபதி முருகேசன் ஆணையத்தின் பரிந்துரைக்குப் பின் 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் அந்த ஒதுக்கீடு விரிந்தது. முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கான கல்விக் கட்டணச் சலுகை 2010இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022இலும், மாணவருக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024இலும் வந்தன. இவை அனைத்தும் நல்ல திட்டங்கள். ஒரே ஓட்டத்தில் நிற்பவர்கள் ஒரே கோட்டிலிருந்து புறப்படவில்லை என்ற உண்மையே இவற்றின் அடிப்படை. கல்லூரி வாசலில் அந்த உண்மையை ஏற்கும் அரசு, அதே பிள்ளைகளின் பள்ளிகளை மதிப்பிடும் பட்டியலில் மட்டும் அதை மறந்துவிடுவது முரண்பாடாகும்.

இதற்கு எதிராக அரியலூரைக் காட்டுவார்கள், காட்டுவது நியாயமும்கூட. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அரியலூர் மாவட்டத்தின் எழுத்தறிவு 71.34 சதவீதம், மாநில சராசரியான 80.09ஐவிட மிகக் குறைவு. அப்படிப்பட்ட மாவட்டம் 2024இல் பத்தாம் வகுப்பில் 97.31 சதவீதத்துடன் முதலிடம் பெற்றது. 2025இல் பிளஸ் 2 தேர்விலும் 98.82 சதவீதத்துடன் முதலிடம் பெற்றது. மறுபுறம், தொழிற்சாலைகளும் பழம்பெரும் கல்வி நிறுவனங்களும் நிறைந்த வேலூர் 2024 பத்தாம் வகுப்புத் தேர்வில் 82.07 சதவீதத்துடன் கடைசி இடத்தில் இருந்தது. ஆகவே, வறுமை இருந்தால் தேர்ச்சி குறையும் என்ற எளிய சூத்திரத்தை நான் ஒருபோதும் முன்வைக்க மாட்டேன். பின்னணியோடு சேர்த்து வெளியிட்டால்தான் அரியலூர் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்பதே விளங்கும். வெறும் பட்டியலில் அரியலூரின் 98.82உம், வீட்டுக்கு வீடு பட்டதாரி இருக்கும் நகரத்துப் பள்ளி ஒன்றின் 98.82உம் ஒரே எண்ணாகத்தான் தெரிகின்றன. அரியலூரில் என்ன நடந்தது, எந்தப் பள்ளிகள் அதைச் செய்தன, சிறிய மாவட்டம் என்பதால் அலுவலர்களின் கண்காணிப்பு எளிதானதா, தேறியவர்கள் 35 மதிப்பெண்ணின் விளிம்பில் தேறினார்களா, நல்ல மதிப்பெண்ணோடு தேறினார்களா என்று ஆராய்ந்தால்தான் வேலூர் போன்ற மாவட்டங்கள் கற்றுக்கொள்ள ஏதாவது கிடைக்கும்.

விருதுநகர் மாவட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். பல்லாண்டுகள் தொடர்ந்து மாநிலத்தின் முதலிடத்தை வைத்திருந்த மாவட்டம் அது; 2023 பிளஸ் 2 தேர்விலும் முதலிடம் பெற்றது. கரிசல் மண்ணும், தீப்பெட்டியும் பட்டாசும் அச்சகமும் சார்ந்த கூலி வாழ்வும் கொண்ட மாவட்டம் அதை எப்படிச் சாதித்தது? 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே உறவின்முறை என்னும் சமூக அமைப்புகள் மகமை என்னும் பொது நிதியை வசூலித்துப் பள்ளி கட்டிய வரலாறு அங்கே இருக்கிறது. காமராசர் சிறுவயதில் படித்த சத்திரிய வித்யாசாலை அப்படி எழுந்த பள்ளிதான். கன்னியாகுமரியில் கிறித்தவ அமைப்புகள் நடத்திய பள்ளிகள் தலைமுறை தலைமுறையாக எழுத்தறிவைப் பரப்பின. ஊருக்குள் பள்ளியைத் தன்னுடையதாகக் கருதும் அமைப்பு ஒன்று நூறாண்டாக இருக்கிறதா என்பதும் மாணவர் பின்னணியின் ஒரு பகுதியே. வட மாவட்டங்களின் பல ஒன்றியங்களில், ஒரு குடும்பத்தில் மேல்நிலைப் பள்ளியைப் பார்த்த முதல் தலைமுறையே இப்போதுதான் வகுப்பறையில் உட்கார்ந்திருக்கிறது.

பிற நாடுகள் இந்தச் சிக்கலை எப்போதோ சந்தித்துவிட்டன. அமெரிக்காவில் 1966இல் வெளியான கோல்மன் அறிக்கை, பள்ளிகளுக்கு இடையிலான மதிப்பெண் வேறுபாட்டுக்குப் பள்ளியின் கட்டடம், நூலகம் போன்ற வசதிகளைவிட மாணவரின் குடும்பப் பின்னணியே பெரிதும் காரணமாக இருப்பதாகக் காட்டி அந்நாட்டின் கல்வி விவாதத்தையே திசைதிருப்பியது. ஆஸ்திரேலியா 2010இலிருந்து ஒவ்வொரு பள்ளியின் தேர்வு அடைவையும் பொது இணையதளத்தில் வெளியிடுகிறது. ஆனால், பெற்றோரின் கல்வி, தொழில், பள்ளி அமைந்துள்ள இடம், பூர்வகுடி மாணவரின் விகிதம் ஆகியவற்றைச் சேர்த்து 1000 என்ற நடு எண்ணைச் சுற்றி அமைந்த ஒரு குறியீட்டை ஒவ்வொரு பள்ளிக்கும் கணக்கிட்டு, ஒத்த பின்னணி கொண்ட மாணவரின் அடைவோடும் அப்பள்ளியை ஒப்பிட்டுக் காட்டுகிறது. இங்கிலாந்து 2006இல் பின்னணியைக் கணக்கில் சேர்த்த அளவீடு ஒன்றைக் கொண்டுவந்து, ஏழைப் பிள்ளைகளிடம் குறைவாக எதிர்பார்ப்பதை அது நியாயப்படுத்துகிறது என்ற விமர்சனத்தால் சில ஆண்டுகளில் கைவிட்டது. பின்னர் 2016இலிருந்து, ஒரு பிள்ளை தொடக்கப் பள்ளி முடிவில் இருந்த நிலையிலிருந்து எவ்வளவு முன்னேறியது என்பதை, அதே நிலையில் தொடங்கிய பிற பிள்ளைகளோடு ஒப்பிட்டு அளக்கத் தொடங்கியது. இந்த வழிகளில் இங்கிலாந்தின் பிற்கால வழியே நமக்கு ஏற்றது என்று கருதுகிறேன். ஏழைப் பிள்ளைக்கு ஒரு இலக்கு, வசதியுள்ள பிள்ளைக்கு வேறு இலக்கு என்று பிரிக்காமல், பள்ளியின் உழைப்பை மட்டும் அது அளக்க முயல்கிறது.

நம் மாநிலத்தில் இதற்கான தரவு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. எமிஸ் எனப்படும் கல்வித் துறையின் மாணவர் விவரத் தளத்தில் ஒவ்வொரு மாணவரின் பெற்றோர் தொழில், ஆண்டு வருமானம், சமூகப் பிரிவு, மாற்றுத்திறன், பயிற்றுமொழி என்று அத்தனை விவரங்களும் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றை உள்ளிடுவதற்காக ஆசிரியர்கள் கற்பிக்கும் நேரத்தை இழந்து கைப்பேசியும் கையுமாக அமர்ந்திருந்த நாள்களை நான் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன். பத்தாம் வகுப்பு மதிப்பெண் தேர்வுத் துறையிடம் இருக்கிறது. அதே பிள்ளையின் பிளஸ் 2 மதிப்பெண்ணும் அங்கேயே இருக்கிறது. இரண்டையும் இணைத்தால், பத்தாம் வகுப்பில் ஒரே நிலையில் இருந்த பிள்ளைகளை எந்தப் பள்ளி எவ்வளவு உயர்த்தியது என்று சொல்லிவிடலாம். பத்தாம் வகுப்புக்கு, 2025 பிப்ரவரியில் 3, 5, 8ஆம் வகுப்புகளுக்கு நடத்தப்பட்ட மாநில அளவிலான அடைவு ஆய்வு போன்றவற்றை எட்டாம் வகுப்பின் தொடக்கக் கோடாகக் கொள்ள முடியுமா என்று வல்லுநர்கள் ஆராயலாம். இவ்வளவு விவரங்களைத் திரட்டிவிட்டு, இறுதியில் தேர்ச்சி பெற்றோர், பெறாதோர் என்று இரண்டே கட்டங்களில் வெளியிடுவது ஆசிரியர்கள் செலவிட்ட உழைப்புக்கும் நியாயம் செய்வதாகாது.

பள்ளிவாரியாகச் சாதி எண்ணிக்கையை அச்சிட்டு வெளியிடுவதை மட்டும் நான் உறுதியாக எதிர்க்கிறேன். நாங்குநேரியில் 2023இல் ஒரு மாணவனும் அவன் தங்கையும் சாதி வெறியால் வீடு புகுந்து வெட்டப்பட்ட கொடுமைக்குப் பிறகு நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைக்க வேண்டிய நிலையில்தான் நம் பள்ளிகள் இருக்கின்றன. இன்ன சமூகத்துப் பிள்ளைகள் படிக்கும் பள்ளி என்ற முத்திரை அரசுப் பட்டியலாலேயே விழுந்துவிடக் கூடாது. பெற்றோர் கல்வி, தொழில், முதல் தலைமுறைக் கற்போர் விகிதம், பழங்குடியினர் பகுதி, இடம்பெயரும் குடும்பங்கள் ஆகியவற்றைச் சேர்த்து ஒரே குறியீடாக்கி, பள்ளிகளை நான்கைந்து தொகுப்புகளாகப் பிரித்து, ஒரே தொகுப்புக்குள் ஒப்பிட்டால் போதும். மாணவர் எண்ணிக்கை மிகக் குறைவாக உள்ள பள்ளிகளில் தனி ஒரு பிள்ளையின் விவரம் வெளியே தெரிந்துவிடக் கூடாது என்பதால், மூன்று ஆண்டுகளின் சராசரியை எடுத்துக்கொள்ளலாம். பத்து பேர் தேர்வெழுதும் மலைப் பள்ளி ஒன்றில் ஒருவர் தவறினாலே விகிதம் 90க்கு இறங்கிவிடும் என்பதால் அந்தச் சராசரி வேறு வகையிலும் தேவை.

இத்தகைய ஒப்பீடு வந்தால் அரசுப் பள்ளிகள் அனைத்தும் உயர்ந்து தெரியும் என்று நான் நம்பவில்லை. வகுப்புக்கு ஒழுங்காகப் போகாதவர்கள், ஜனவரி வரை பாடத்தை இழுத்துவிட்டுக் கடைசி நேரத்தில் குறைந்தபட்சக் கற்றல் கையேட்டை மனப்பாடம் செய்ய வைப்பவர்கள், இந்தப் பிள்ளைகளுக்கு இதற்கு மேல் வராது என்று ஆசிரியர் அறையிலேயே தீர்ப்பெழுதுபவர்கள் எங்களிடையே இருக்கிறார்கள். ஒரே மாதிரியான பிள்ளைகள் படிக்கும் பக்கத்து அரசுப் பள்ளி பத்து புள்ளிகள் கூடுதலாக உயர்த்தியிருக்கும்போது, இவர்கள் மாணவர் பின்னணியைக் காரணம் காட்ட முடியாது. இன்றைய பட்டியலில் அவர்களுக்கு அந்த வசதி இருக்கிறது. அதே வசதி, தேர்ந்தெடுத்த மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு மேலும் எதையும் சேர்க்காமல் வெளியே அனுப்பும் பள்ளிகளுக்கும் இருக்கிறது. 480 மதிப்பெண்ணோடு உள்ளே வந்த பிள்ளை பிளஸ் 2 தேறுவதில் பள்ளியின் பங்கு எவ்வளவு என்பதைக் கட்டணம் கட்டும் பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

பள்ளியின் நிலையைச் சொல்லும் விவரங்களும் இதே பட்டியலில் இடம்பெற வேண்டும். அரசு மேல்நிலைப் பள்ளியில் கணிதத்துக்கோ இயற்பியலுக்கோ முதுகலை ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்தால், பள்ளி மேலாண்மைக் குழு வழியாக மாதம் 18,000 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் ஒருவரைத் தேடிப் பிடிப்பதே தலைமையாசிரியரின் முதல் பருவத்து வேலையாகிவிடுகிறது. காலாண்டுத் தேர்வு வரை ஆசிரியரே இல்லாத பாடத்தில் தேர்ச்சி குறைந்ததற்கு மீளாய்வுக் கூட்டத்தில் யாரிடம் விளக்கம் கேட்பது? அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, எத்தனை மாதம் காலியாக இருந்தது என்ற இரண்டு எண்கள் தேர்ச்சி விகிதத்துக்குப் பக்கத்தில் இருந்தால், விளக்கம் சொல்ல வேண்டியவர்களின் வரிசை சற்று மாறும்.

2017இல் மாநில, மாவட்ட அளவில் முதல் மூன்று இடம் பிடித்தவர்களின் பெயர்களை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசு நிறுத்தியபோது, நாளிதழ்கள் தயங்காமல் ஏற்றுக்கொண்டன. முதலிடம் பெற்ற மாணவியின் வீட்டுக்குப் புகைப்படக்காரர்கள் ஓடும் காட்சி முடிவுக்கு வந்ததால் யாருக்கும் எந்த இழப்பும் ஏற்படவில்லை. பிள்ளைகளின் மேலிருந்த அழுத்தம் ஓரளவு குறைந்தது. பள்ளிகளையும் மாவட்டங்களையும் வரிசைப்படுத்துவதில் அதுபோன்ற ஒரு மாற்றத்தைத் தங்களைப் போன்ற நாளிதழ்களே தொடங்கிவைக்க முடியும். அரசு புதிய குறியீட்டை உருவாக்கும் வரை காத்திருக்கத் தேவையில்லாதவை சில உண்டு. மாவட்டப் பட்டியலை அச்சிடும்போது, தேர்ச்சி விகிதத்துக்குப் பக்கத்தில், அந்த மாவட்டத்தில் தேர்வுக்குப் பதிவு செய்தும் எழுதாதவர்களின் எண்ணிக்கையையும், இரண்டு ஆண்டுகளுக்கு முன் பத்தாம் வகுப்பில் தேர்வெழுதியவர்களின் எண்ணிக்கையையும் ஒரு கட்டமாகச் சேர்க்கலாம். மூன்றும் தேர்வுத் துறையிடமே கிடைக்கும். நூறு சதவீதத் தேர்ச்சி பெற்ற பள்ளிகளைப் பாராட்டும் செய்திகளில், அந்தப் பள்ளியில் முந்தைய ஆண்டு பதினோராம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் பிளஸ் 2 தேர்வெழுதினார்கள் என்று செய்தியாளர் ஒரு கேள்வியாவது கேட்கலாம். பள்ளிக் கல்வித் துறைக்கும் இதே கோரிக்கையைத் தனியே அனுப்பியிருக்கிறேன்: அடுத்த பொதுத்தேர்வு முடிவுகள் வெளியாகும் நாளில், ஒவ்வொரு பள்ளிக்கும் பதினோராம் வகுப்பில் சேர்ந்தோர், பிளஸ் 2 தேர்வெழுதியோர், தேறியோர், அவர்களின் பத்தாம் வகுப்புச் சராசரி மதிப்பெண் ஆகிய நான்கு எண்களை வெளியிட வேண்டும் என்பதே அது. இதற்குப் புதிய சட்டமோ நிதி ஒதுக்கீடோ தேவையில்லை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற முதுகலை ஆசிரியர்,
திருவண்ணாமலை மாவட்டம்.